மேலாளர் திறந்த பக்கம்

கண்ணால் பார்த்ததையும் கையால் சோதித்ததையும் மட்டுமே எழுதுகிறேன். வெறும் பேச்சை நம்பி ஒரு பெண்ணின் வேலையைப் பறித்த கடையைப் பற்றி நானும் கேள்விப்பட்டதை எழுதுவது தகாது.

காஞ்சிபுரத்தில் அந்தப் பட்டுச்சேலைக் கடைக்கு நான் நிரலாளன். மேலாளர், முதலாளியம்மாவின் தம்பி. மணமக்கள் பெயரை முந்தானையில் நெய்து தருவது கடையின் வழக்கம். வாடிக்கையாளர்கள் இணையதளத்தின் பெயர்க் கட்டத்தில், எண்கணிதம் பார்த்து, புள்ளியும் கோடும் சேர்த்தெல்லாம் எழுதுவார்கள். எதையும் தடுக்கக் கூடாது என்பது மேலாளரின் கட்டளை. ஆனால் ஆர்டர்கள் சேரும் தரவுத்தளத்தை உலாவியில் பார்க்க அவர் வைத்திருந்த கருவியோ பழையது. பெயர்க் கட்டத்தில் எவரேனும் நிரல் எழுதினால் அதை எழுத்தாகக் காட்டாது. பக்கத்தைத் திறந்தவரின் அதிகாரத்தோடு இயக்கிவிடும். புதுப்பிக்கச் சொன்னேன்.

"மார்கழியில எவனாவது புதுசா ஒண்ண ஆரம்பிப்பானா? தை பொறக்கட்டும்பா" என்றார். கணினிக்கும் பீடை மாதம் பார்த்த அறிவு அது.

அதே மார்கழியில் ஒரு காலை, அவர் பக்கத்தைத் திறந்தார். தை முகூர்த்த ஆர்டர்கள் அனைத்தும் அழிந்தன. எதிர் மேசையில் நான் இருந்தேன். ஆர்டர்களைச் சரிபார்க்கும் அக்கா இன்னும் வந்துசேரவில்லை. பழி அக்காமேல் விழுந்தது.

"நேத்தே என்னமோ பண்ணி வச்சிட்டுப் போயிருக்குது மாமா, இந்தப் பொண்ணு" என்றார் மேலாளர், முதலாளியிடம்.

"நான் பஸ்ல வந்துக்கினு இருந்தேன் சார். வாலாஜாபாத்துல இருந்தே கைய நீட்டி அழிச்சேனா?" என்றார் அக்கா.

தரவுத்தளத்தின் நகலாக முந்தைய இரவில் சேமித்த காப்புப்படியைத் திறந்தேன். ஒரு மணமகனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எல்லா ஆர்டர்களையும் அழிக்கும் நிரல் இருந்தது. முதலாளிக்கு விளங்க வேண்டுமென்று, அந்தப் படியில் அதை நீக்கிவிட்டு, அதே பெயர்க் கட்டத்தில் தீங்கற்ற ஒரு வரியை எழுதி, மேலாளரையே திறக்கச் சொன்னேன். 'வணக்கம்' என்று ஒரு சிறு பெட்டி திரையில் குதித்தது. முதலாளி பெட்டியைப் பார்த்தார். பிறகு மைத்துனரைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாமா? இவங்க ரெண்டு பேரும் கூட்டு."

அன்று மாலையே அக்காவை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை, ஆர்டர்களை மீட்க ஆள் வேண்டியிருந்தது. மீட்டுக் கொடுத்துவிட்டு விலகினேன். அதற்குள் தை பிறந்திருந்தது. நான் கிளம்புமுன் மேலாளர் நல்ல நேரம் பார்த்துக் கருவியைப் புதுப்பிக்கச் சொல்லி, கணினிக்குக் கற்பூரமும் காட்டினார்.

அந்த நிரலை எழுதியவர் யார் என்பது தெரியாது. அங்கே எவரும் தேடவில்லை. பெட்டி குதித்தபோது மேலாளருக்கு உண்மை புரிந்ததா என்பதும் தெரியாது. அக்காவுக்கு வேறு வேலை கிடைத்ததா என்பதும் தெரியாது.