கல்லின் மேல் வைத்த கத்தி

இருபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகளைக் கேட்டேன். கம்பஸ் விடுதியிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்கக்கூட இல்லை.

“மடக்கு கத்தி. வீட்ல எல்லாருக்கும் இருக்கு. எனக்கு மட்டும் இருவது ஆகட்டும், இருவது ஆகட்டும்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க. இப்ப ஆகிருச்சில்ல?”

“வேற ஏதாச்சும் கேளேன்.”

“ஏம்மா, கடையில கத்தி தீந்து போச்சா?” என்று சிரித்தாள்.

பார்ப்போம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று முழுவதும் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

பிறந்தநாளுக்கு மடக்குக் கத்தி கொடுப்பது எங்கள் வீட்டில் நான் தொடங்கிய பழக்கம். என் கணவர் ராகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். திருமணமான புதிதில் எதையும் பல்லால்தான் கிழிப்பார். பிஸ்கட் பாக்கெட், உரப்பையின் நூல், சில நேரம் வயரின் தோலைக்கூட. பல் போய்விடுமே என்று பயந்து, நுவரெலியாவில் ஒரு இரும்புக்கடையில் மரப்பிடி போட்ட கத்தி வாங்கிக் கொடுத்தேன். என் பிறந்தநாள் வந்தபோது அவரும் எனக்கு ஒன்று வாங்கிவந்தார். அப்படியே பழகிவிட்டது.

கத்தி வாங்குவது சட்டை வாங்குவது போல இல்லை. அந்த ஆளின் கையை மனதுக்குள் கொண்டுவர வேண்டும். மாமியாருக்கு விரல் மூட்டுகளில் வலி, அதனால் லேசாகத் திறக்கும் சின்னக் கத்தி. என் தம்பி எதையும் தொலைப்பவன். குடையை, போனை, ஒருமுறை செருப்பில் ஒன்றை மட்டும் தொலைத்திருக்கிறான். அவனுக்கு வளையம் உள்ளதாகத் தேடிப்பிடித்தேன். சிவப்புப் பிடி. வாங்கிய அன்றே தன் ஆட்டோச் சாவியோடு கோத்துக்கொண்டான்.

கத்தியை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. உறவு அறுந்துபோகும் என்பது என் அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரே நம்பிக்கை. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களும் தங்கள் கத்தியை மண்ணில் குத்திவிட்டு விலகித்தான் நிற்பார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கை பழகிவிட்டது. பிறந்தநாளன்று கேக் வெட்டி முடிந்ததும் கத்தியை முக்காலியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன்.

“என்னக்கா, முனியாண்டிக்குப் படைச்ச மாதிரி வச்சிட்டு ஒதுங்கி நிக்கிற? சுருட்டு எங்க?” என்று ஒருமுறை தம்பி கேட்டான். மாமியார்கூட சிரித்துவிட்டார்.

சென்ற ஆண்டு மழையில் அவன் போய்விட்டான்.

வலப்பனைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, நானும் கணவரும் அவனுடைய ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். பகல் பதினோரு மணி இருக்கும். ஒரு வளைவில் மேட்டிலிருந்து மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. எங்களை இறங்கி நடக்கச் சொன்னான். மெதுவாக ஓட்டி அந்தப் பக்கம் நிறுத்துகிறேன் என்றான். மழைக்காக இரண்டு பக்கமும் ரெக்சின் திரையை இழுத்துக் கயிற்றால் கட்டியிருந்தான். “மச்சான், அதையும் கட்டிருங்க, சீட்டு நனையுது” என்று நாங்கள் இறங்கிய பக்கத்தையும் கட்டச் சொன்னான். அவர் கட்டினார்.

ஆட்டோ பாதி தூரம் போனதும் ரோட்டின் ஓரம் உடைந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வண்டி கீழே ஓடைக்குள் பக்கவாட்டில் விழுந்து, முன்பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. கணவர் குதித்து இறங்கினார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. “கத்தி, கத்தி” என்று கத்தினார். விசேஷத்துக்குப் போட்ட புதுக் காற்சட்டையில் அவருடைய கத்தி இல்லை.

என்னுடையது கைப்பையில் இருந்தது. எடுத்தேன், அலகை விரித்தேன், சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். அவர் ஒரு கையால் திரையின் அடியைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் பக்கம் நீட்டினார். நான் கத்தியை அந்தக் கையில் கொடுக்கவில்லை. அதற்குப் பக்கத்திலிருந்த கல்லின் மேல் வைத்தேன்.

நினைத்துச் செய்யவில்லை. எத்தனையோ வருடங்களாகச் செய்ததைக் கை செய்தது. அவர் விரல் திரும்புவதற்குள் தண்ணீர் கல்லின் மேல் ஏறி இறங்கியது. கத்தி இல்லை.

“எங்க?” என்றார்.

பிறகு முடிச்சைப் பல்லால் கடித்தார். மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கவ்வாத்துக் கத்தியால் திரையைக் கிழித்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், தலையில் பலமான அடி, தண்ணீரும் குடித்திருக்கிறார் என்றார். எது முதலில் என்று நான் கேட்டேன். அதைச் சொல்வது கஷ்டம் என்றார்.

பொலிஸில் அவனுடைய பொருட்களைக் கொடுத்தார்கள். சாவிக்கொத்தில் அந்தச் சிவப்புக் கத்தி மடங்கியபடியே இருந்தது. உள்ளே அவனிடமும் ஒரு கத்தி இருந்திருக்கிறது. விழுந்த உடனேயே நினைவு தப்பியிருந்தால்தான் அவன் அதைத் தேடியிருக்க மாட்டான் என்று சில நாட்கள் தேற்றிக்கொள்வேன். சாவி எட்டாத நிலையில் கிடந்து, நாங்கள் அறுப்போம் என்று காத்திருந்தானோ என்று மற்ற நாட்களில் தோன்றும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் “எங்க?” என்ற கணவரின் அந்தக் குரல் கேட்கும்.

கணவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் கத்தியை மட்டும் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். மறுபடியும் பல்லால் கிழிக்கத் தொடங்கினார். அவர் பாக்கெட்டைக் கடிக்கும்போதெல்லாம், என்மேல் வைத்திருக்கும் குற்றத்தை அப்படிச் சொல்கிறாரோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகளுக்காக இருவரும் நுவரெலியாவுக்குப் போனோம். அதே இரும்புக்கடை. முதலாளிக்கு என்னை நன்றாகத் தெரியும். கேட்பதற்கு முன்பே கத்தித் தட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“வாங்க டீச்சர், ரொம்ப நாளாச்சு. தம்பிக்கா? அந்தச் செவப்புப் புடி மறுபடி வந்திருக்கு. அவருதான் தொலைக்கிற ஆளாச்சே.”

கணவர் என் முழங்கையைப் பிடித்தார். “இல்ல முதலாளி, மகளுக்கு” என்றார்.

முதலாளி பச்சைப் பிடி போட்ட ஒன்றை விரித்து நீட்டினார். என் கை எழவில்லை.

“என்ன டீச்சர், கடிக்குமா?”

கணவர்தான் வாங்கிப் பார்த்தார். மகளின் விரல்கள் நீளமானவை. அதற்குப் பொருந்தும் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ராகலை பஸ்ஸில் பனி ஜன்னலை மூடியிருந்தது. அவர் மடியில் அந்தச் சின்னப் பொதி. இப்போது கேட்காவிட்டால் இனிக் கேட்கமாட்டேன் என்று பட்டது.

“நான் கத்தியக் கல்லு மேல வச்சத பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“உங்க கையில குடுத்திருந்தா?”

அவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

“அப்பவே இல்ல புள்ள. திரைக்கு அடியில அவன் கை வெளிய வந்து கெடந்துச்சு. அதத்தான் புடிச்சிக்கிட்டு நின்னேன். நீ பையத் தொறக்கிறப்பவே அதுல உசிரு இல்ல.”

“ஏன் இத்தன நாளா சொல்லல?”

“நீ கேக்கலையே.”

“எந்தக் கை?”

“வலது கை” என்றார், உடனே.

வீடு வரும்வரை அழுதேன். அது நல்ல அழுகை. அன்றைக்குப் பிறகு முதல் தடவையாகச் சோறு ருசித்தது.

மகள் பிறந்தநாளுக்கு வந்தாள். வீட்டுக்குள் வந்ததுமே என் பையைக் குடைந்து பொதியைக் கண்டுபிடித்து, தானே பிரித்து எடுத்துக்கொண்டாள். மாமியார் ஏசினார். பின்னேரம் பாட்டியும் பேத்தியும் வாசலில் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கத்தியால் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குசினியில் நான் சமையலுக்கு லீக்ஸ் கழுவ, கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். வாசலில் மகள் எதற்கோ சிரித்தாள். அவளுக்குத் தம்பியின் சிரிப்பு.

“அவன் கை சில்லுன்னு இருந்துச்சாங்க?” என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

“சில்லுன்னுதான் இருந்துச்சு. இடது கை. அந்த மோதிரம் தட்டுப்பட்டுச்சு, இன்னும் ஞாபகமிருக்கு.”

தம்பி மோதிரத்தை இடது கையில்தான் போட்டிருந்தான். அதனால் இது உண்மையாக இருக்கலாம். பஸ்ஸில் வாய் தவறி வலது என்று சொல்லியிருக்கலாம். அல்லது இரண்டு கைகளையுமே எனக்காக அவர் உண்டாக்கியிருக்கலாம். திரையைத் தவிர அன்றைக்கு அவர் பிடித்திருந்தது வேறொன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல.

“ஆமாங்க,” என்றேன், “இடது கையிலதான் போட்டிருந்தான்.”