விளம்பரத்துக் காரில் ஒரு காலி இடம்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன்.

கோவையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் நான் பெயிண்டர். ஒருமுறை அமெரிக்கக் கார் ஒன்று வந்தது. அதைச் செய்த சின்னக் கம்பெனி சில வருடங்களிலேயே மூடிப்போனதாம். நிறம் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய பழைய பத்திரிகை விளம்பரம் மட்டும்தான். அதில் ஒரு பெண் காரை ஓட்ட, கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்களும் சுலபமாக ஓட்டலாம் என்று எழுதியிருப்பதாக முதலாளி சொன்னார்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க, வேலை முடிஞ்சதும் பூசைக்குக் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போவீங்கல்ல? நானும் சும்மா உக்காந்து வாரேன். மொதலாளிகிட்டக் கேளுங்க."

"கேக்கறேன் அம்மணி."

"நீங்க வாயத் தொறந்தா மழையே வந்துபோடும்!"

கூச்சத்தில் கேட்கவில்லை. பூசையன்று அவள் ரோட்டோரம் நின்று கார் போவதைப் பார்த்தாள். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த முதலாளியிடம் இதைச் சொன்னேன்.

"அட, பின்சீட்டு காலியாத்தானே போச்சு! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏத்தியிருப்பனே, கண்ணு" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அதன்பிறகு மூன்று வருடமாக இதை யாரிடமும் பேசவில்லை. இன்று எழுதிவிட்டேன். தை மாதம் ஐந்தாம் தேதி.