பம்பரம் ஆன போசி

“...பம்பரம் விடவா மாமா என்னை வரச்சொன்னீங்க? சாட்டை எங்க?”

கேட்டது என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. அஞ்செட்டியில் எங்கள் வீட்டு வாசலில் மூணு கல்லைக் கூட்டி, புது அலுமினியப் போசியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் போசியும் கூடவே ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே மாவு மட்டும் அசையாமல் சுகமாக உட்கார்ந்திருந்தது.

ஐம்பதுகளில் அஞ்செட்டிக்கு மேலே பஸ் ஏது? திருவிழா நெருங்கினால் சேலை மூட்டையைச் சுமந்துகொண்டு நாட்றாம்பாளையம் பக்கத்து மலை ஊர்களுக்கு நடப்பேன். பொழுது எங்கே சாய்கிறதோ அங்கேதான் அடுப்பு.

மச்சான் வராவிட்டால் எனக்கு வியாபாரம் இல்லை. மலையில் பாதிப் பேர் பேசுவது கன்னடம், அது மச்சானுக்குச் சரளம். என் கன்னடமோ சந்தையில் பொறுக்கியது. முந்தின வருஷம் தனியாகப் போனேன். ஒரு அம்மா நாலு சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு “சாக்கு, சாக்கு” என்றாள். அவர்கள் பேச்சில் அதற்கு ‘போதும்’ என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியுமா? மொத்தமாக அள்ளப்போகிறாள், போட்டுக்கொள்ளச் சாக்குப் பை கேட்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு சாக்கை வாங்கிவந்து நீட்டினேன். ஊரே சிரித்தது. மூட்டையில் பாதி அப்படியே திரும்பி வந்தது. இந்தத் தடவையும் அப்படி ஆனால் துணியை விட்டுவிட்டு மறுபடி கல்லுடைக்கப் போகவேண்டியதுதான்.

மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று. “சோறு தின்னா பாதி மேட்டுலயே வயித்துல காத்துதான் மாமா. அந்திக்குச் சுடச்சுடக் களி உண்டா, வர்றேன். இல்லையா, நீங்களும் உங்க சாக்குமாப் போயிட்டு வாங்க.”

களிக்கு மண்சட்டி வேணும். அது கனம், கல்லில் இடித்தால் போச்சு. அதனால் துணி எடுக்கப் போன வழியில் குந்தாரப்பள்ளிச் சந்தையில் இந்தப் போசியை வாங்கினேன். மூடியே தட்டு. உள்ளே கேழ்வரகு மாவு முடிச்சு. உப்பு, மிளகாய், புளி சேர்த்து இடித்து அடைத்த மூங்கில் குழாய். காம்பு கழற்றிய கொட்டாங்கச்சி அகப்பை. காட்டில் குச்சிக்கா பஞ்சம்? துடுப்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் அறுத்து அதையும் உள்ளே அடக்கிவிட்டேன்.

“அப்படியே உங்க காலையும் கொஞ்சம் அறுத்துக்குங்க, இன்னும் கனம் குறையும்” என்றாள் வீட்டுக்காரி.

எல்லாவற்றையும் ஒரே விரலில் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெருமையில்தான் கிளம்புகிற அன்று காலையில் மச்சானை வெள்ளோட்டத்துக்குக் கூப்பிட்டது. களி இறுகுகிற நேரத்தில் சட்டி அசையாமல் நிற்க அதன் கனமும் வேணும் என்பது, போசி சுற்ற ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அறுத்த துடுப்பு வேறு, விரலெல்லாம் ஆவி.

“ஒரு ஆளு கிண்டுங்க, ஒரு ஆளு போசி பின்னாடியே ஓடுங்க. அதுக்குத்தானே ரெண்டு பேராப் போறீங்க” என்று வாசற்படியிலிருந்து சொன்னாள் அவள்.

நான் மெதுவாக, “மச்சான், இந்த ஒரு தடவை சோறே பொங்கிக்கலாமே?” என்றேன்.

அவன் எழுந்து வேலிப் பக்கம் போனான். சரி, கிளம்பிவிட்டான், என் மூட்டை திரும்பி வந்த மாதிரிதான் என்று நினைத்தேன். புங்கமரத்தில் மடாரென்று சத்தம். நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவைக் குச்சியை முறித்துக்கொண்டு வந்தான். அதன் கவையைப் போசியின் கழுத்தில் கொடுத்து அழுத்திப் பிடித்தான்.

“இப்பக் கிண்டுங்க.”

போசி நின்றது, களி சுற்றியது. மூடியில் உருட்டிப் போட்டேன். ஒரு வாய் பிட்டு விழுங்கினான். மீதியையும் விழுங்கினான்.

“யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் குச்சியையும் சேர்த்துச் சுமக்கணுமே மச்சான்?” என்றேன்.

“சாக்கு மாமா, சாக்கு” என்றான். கட்டி வைத்திருந்த துணி மூட்டையைத் தோளில் ஏற்றி, கவைக் குச்சியை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் மலைப் பாதையில் நடக்க ஆரம்பித்தான்.