போணிப் பணம்

மூணாறில் எங்கள் ஏலக்காய், தேயிலைக் கடை இருக்கும் அறையைக் கட்டட முதலாளி விற்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு யாராவது வாங்கினால் நாங்கள் தெருவில்தான். அறையை நாங்களே வாங்க பாங்கில் கடன் கேட்டோம். மேனேஜர் என் நோட்டையும் பாங்க் வரவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கணக்கரின் கையெழுத்தோடு விளக்கம் வேண்டும் என்றார். அன்று திங்கள்.

பன்னிரண்டு வருடமாக நானேதான் கணக்கு எழுதுகிறேன். ஒரு பைசா மறைத்ததில்லை. பணம் குறைந்தால் அழலாம். பாங்கில் கூடுதலாக இருந்தால் யாரிடம் போய் அழுவது?

அடிமாலியில் ஒரு கணக்கரைப் பிடித்தேன். நோட்டைத் திறக்காமலே "ஸெரியாக்காம்" என்றார், சரிசெய்துவிடலாமாம். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. எத்தனை முறை போன் செய்தாலும் அதே ஸெரியாக்காம். கோபம் தலைக்கேறி, வியாழன் காலை பஸ் ஏறிப் போய் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மிச்சம் இருந்த கணக்கர் ஒருத்திதான். பேக்கரி மாடியில் ஆபீஸ் போட்டிருந்தவள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவள். முதலிலேயே அவளிடம் போகாததற்குக் காரணம் அவள் அம்மாவின் வாய். என் வருமானம் சாயந்திரத்துக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவள் நோட்டைப் புரட்டினாள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலில் ஜீப்புகளைப் பார்த்தேன்.

"உக்காருங்கக்கா. நீங்க நடக்கிற நடையில எனக்குக் கூட்டல் தப்புது."

உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா, தெனமும் மொத வரவ மட்டும் எழுதாம விட்டிருக்கீகளே?"

"அது போணி. மாரியம்மனுக்கு. சாமி காச எப்பிடிக் கடைக் கணக்குல எழுதுறது?"

கடை திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். முதல் வியாபாரப் பணம் மஞ்சள் பைக்குள் போகும், மாதக் கடைசியில் எஸ்டேட் கோயிலுக்குப் போகும்.

"அதுவும் விற்பனைதான்க்கா. அத எழுதிட்டு, கோயிலுக்குக் குடுத்தத தனியா எழுதணும். கோயில் ரசீது இருக்கா?"

அப்போதுதான் உறைத்தது. டூரிஸ்டுகள் போனிலேயே பணம் அனுப்பத் தொடங்கிய பிறகு மஞ்சள் பையில் எதுவும் விழவில்லை. போணி நேரே பாங்குக்குப் போய்விட்டது. நோட்டில் எழுதாமல் விடுவதை மட்டும் பக்தியோடு செய்துவந்திருக்கிறேன். இரண்டு வருடத்துப் பணத்தை ஏலக்காய்க்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் செலவழித்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவள் சிரிக்கவில்லை. விளக்கம் எழுதி, 'கொடுக்க வேண்டியவை' என்ற தலைப்புக்குக் கீழே மாரியம்மன் கோயில் என்று ஒரே ஒரு வரி போட்டாள்.

"இது எழுதித்தான் ஆகணுமா?"

"இன்னைக்கே குடுத்துட்டு ரசீது கொண்டாங்க, எடுத்திருதேன்."

அவ்வளவு பணம் கையில் இல்லை. "இருக்கட்டும்" என்றேன். "இனி மாசாமாசம் நீயே பாரு."

வெள்ளிக்கிழமை மேனேஜர் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். "இது ஆத்யம் கொடுக்கணும் கேட்டோ" என்று, முதலில் சாமி கடனை அடைக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அறை எங்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வழியில் இருக்கும் மாரியம்மன் கோயில் வாசலைத் தாண்டிப் போக முகமில்லாமல், பேக்கரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.