கேட்டது என் துடிப்பு

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. கணவர் என்னைக் கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்ததும் 'டப் டப்' என்று வேகமாகச் சத்தம் கேட்டது. "நல்லாத்தான் துடிக்குது, அழுவாத" என்றார் கணவர். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டே சத்தத்தைக் கவனித்தார்.

"இது ஒங்க துடிப்புங்க. பயத்துல இப்புடி அடிக்குது. புள்ளையோடது இன்னும் கெடைக்கல."

டாக்டரம்மா கருவியை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்தினார். வெறும் இரைச்சல்தான் வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அடிவயிற்றின் ஓரத்தில், என்னுடையதைவிட மெதுவாக, தயங்கித் தயங்கி இன்னொரு துடிப்பு கேட்டது.

"இருக்கு. ஆனா ரொம்பக் கொறையுது, ஒடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார்.

மகள் பிறந்தும் அழவில்லை. நர்ஸ் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பூனைக்குட்டிபோல ஒரு குரல் எழுந்தது.

இப்போது அவள் வீடெல்லாம் ஓடுகிறாள். அந்த நாள் வரை அவளை என் உடம்பின் ஒரு பகுதியாகவே நினைத்திருந்தேன். எனக்குள் இருந்தாலும் அவள் வேறொருத்தி என்பது, என்னுடையதல்லாத அந்த மெல்லிய துடிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.