மாணிக்கம் அண்ணன் பெயரில் நான் எடுக்கப்போன எக்ஸ்ரே

இந்த வலைப்பூவில் இதுவரை ஏடன், கோபே, ஹாம்பர்க் என்று எழுதிப் பீற்றிக்கொண்டிருந்தேன். இன்று எழுதப்போவது சென்ட்ரலிலிருந்து வெறும் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். பதினேழு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்து, புயல், தீ எல்லாம் பார்த்தவன் நான். ஆனாலும் உன்னைத் தூக்கிவாரிப் போட்ட பயணம் எது என்று யாராவது கேட்டால், இந்தக் கும்மிடிப்பூண்டிப் பயணத்தைத்தான் சொல்வேன். நேரமும் கட்டணமும் அப்போதைய சட்டைப்பை டைரியில் இருக்கின்றன. அப்படியே தருகிறேன்.

1977, ஆடி மாதம். கொதிக்கிற எண்ணெய் கொட்டி இடது கை வெந்துபோனதால் நான் கப்பலை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் குடியிருந்தேன். மாணிக்கம் அண்ணனிடமிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. அண்ணன் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். எஞ்சின் அறையில் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஆறு கப்பலில் ஒன்றாகப் போயிருக்கிறோம். ஓய்வு பெற்று, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் சம்சாரத்தின் ஊரில் இருந்தார். "இருவரும் சுகம். ஒரு சின்ன வேலை இருக்கிறது, நீ வந்தால்தான் ஆகும். ஞாயிறு வந்து திங்கள் இருந்துவிட்டுப் போ" என்று எழுதியிருந்தார். என்ன வேலை என்று எழுதவில்லை. ஓட்டுக் கூரை ஒழுகுகிறது போலிருக்கிறது, ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை 7.10க்கு சென்ட்ரலில் பாசஞ்சர். இரண்டாம் வகுப்பு ஒரு ரூபாய் அறுபது காசு. பொன்னேரியில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுப் பதினைந்து நிமிஷம் நின்றது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது மணி 9.20. நீராவி எஞ்சின் என்பதால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன் சட்டையெல்லாம் கரி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு ஜட்கா நின்றன. ஊர் மூன்று மைல். முக்கால் ரூபாய் பேசி ஏறினேன். யார் வீடு என்று வண்டிக்காரர் கேட்டார். சொன்னேன்.

"அட, கப்பக்காரரு ஊடா? நல்லா குந்து சார், குதிர ஒதறும். அவரு இரும்புனா இன்னா, ரோட்டுக்கே கேக்கும். இப்போ புச்சா வர கம்பெனிக்கு வாட்சுமேன் வேலைக்குப் போறாராம். திருடன் வரவே வேணாம், சத்தத்த கேட்டே ஓடிப்பூடுவான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலிலும் அண்ணன் இருமுவார். கரித் தூசி என்பார், நாங்களும் கரித் தூசி என்போம். கரியை விட்டு வந்து ஆறு வருஷம் ஆன மனிதனுக்கு ஏன் இன்னும் இருமல் என்று யோசித்துக்கொண்டே போனேன். வழி நெடுகத் தொழிற்பேட்டைக்கு இடம் வளைத்துக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் செங்கல் லாரிகள் நின்றன.

வாசலில் நின்ற ஆளைப் பார்த்து, அண்ணனின் அப்பாவோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்படி ஒடுங்கிப் போயிருந்தார். ஒரு காலத்தில் அந்தத் தோளில் இரண்டு பேர் உட்காரலாம். இப்போது சட்டை கொடியில் காய்கிற மாதிரி உடம்பில் தொங்கியது. "வா பண்டாரி" என்று கூப்பிட்ட குரல் மட்டும் பழையது. கப்பலில் சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கன்னியம்மா அண்ணி உள்ளேயிருந்து வந்தார். நடவுக்குப் போகிற உடம்பு. வாட்டசாட்டம். பழவேற்காட்டு இறாலைத் தொக்கு வைத்து, என் இலையில் கொட்டிக்கொண்டே இருந்தார். தான் இரண்டு வாய்கூட உண்ணவில்லை. "இன்னாமோ தெரில தம்பி, சோறே எறங்க மாட்டன்து. சாயங்காலம் ஆனா ஒடம்பு வேற சுடுது. சேத்துலயே நிக்கறனே, அதான்" என்றார். நான் ஒரு சமையல்காரன். இறால் தொக்கை ஒருத்தர் ஒதுக்குகிறார் என்றால் விசாரித்திருக்க வேண்டும். நானோ உப்பு கொஞ்சம் தூக்கல் என்று கிண்டல் செய்தேன்.

மத்தியானம் அண்ணி ஏரிக்குத் துணி துவைக்கப் போனார். நாங்கள் கூடத்தில் பாய் போட்டுப் பழைய கதைகளை எடுத்தோம். எங்களோடு கப்பலில் இருந்த பள்ளிப்பட்டு சுப்பராயுடுவின் பேச்சு வந்தது. கப்பலில் டாக்டர் கிடையாது. பெரிய ஆபீசர் கையில் ஒரு மருந்துப் பெட்டியும் ஒரு தடிப் புத்தகமும் இருக்கும். புத்தகத்தைப் புரட்டி மருந்து கொடுப்பார். சுப்பராயுடு வயிற்று வலியை எட்டு நாள் மறைத்தான். தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம். ஒன்பதாம் நாள் புத்தகத்தைத் திறந்து பேதி உப்பு கொடுத்தார்கள். பதினோராம் நாள் கித்தான் துணியில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கினோம். தைத்தவர் மாணிக்கம் அண்ணன்தான்.

இதைப் பேசி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் தன் சின்ன வேலையைச் சொன்னார்.

வாட்சுமேன் வேலைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். பொன்னேரியில் முகம் தெரிந்தவர்கள் அதிகம் என்று, போன திங்கள் திருவள்ளூருக்குப் போயிருக்கிறார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் சளி துப்பிக் கொண்டுவரச் சொல்லி ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். எக்ஸ்ரே இந்தத் திங்கள், அதாவது மறுநாள்.

"சளிய முடிச்சிட்டேன் நைனா" என்றார் அண்ணன் பெருமையாக. "கன்னிம்மாவ துப்பச் சொல்லிக் குடுத்துட்டேன். ஊட்ல எல்லாருக்கும் பாக்கறாங்கன்னு சொன்னேன், நம்பிக்கிச்சி. படத்துக்கு மட்டும் பொம்பளய நிறுத்த முடியாதே. அதான் உன்ன கூப்ட்டேன். போன வாரம் பாத்த டாக்டரு லீவாம். விசாரிச்சிட்டேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று எழுதும்போது கை கூசுகிறது. கடலில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கப்பல் ஏறுமுன் டாக்டர் சோதனை. அதில் ஒரு கோளாறு எழுதிவிட்டால் பிழைப்பு போச்சு. அதனால் சர்க்கரை உள்ளவனுக்குச் சர்க்கரை இல்லாதவன் மூத்திரம் கொடுப்பான். கண் மங்கியவனுக்கு இன்னொருவன் போய் எழுத்துப் படிப்பான். 1964இல் கல்கத்தாவில், அண்ணன் பெயரில் எக்ஸ்ரே தகட்டில் நெஞ்சை ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அண்ணனுக்குக் கப்பல் கிடைத்தது. எனக்கு ஒரு பாக்கெட் சிகரெட் கிடைத்தது. அதை உதவி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"சரிண்ணே, நிக்கறேன்" என்றேன்.

திங்கள் காலை 5.45க்கு கும்மிடிப்பூண்டியில் பஸ். மூவரும் கிளம்பினோம். பெரியபாளையம் ஒரு ரூபாய் இருபது காசு, ஒன்றரை மணி நேரம். ஆடி என்பதால் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. பொங்கல் பானை, கோழி, மொட்டையடித்த குழந்தைகள். அண்ணி அங்கேயே இறங்கிக்கொண்டார். அண்ணனுக்கு வேலை கிடைக்க அம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டுதல். "திரும்பி வரச்சொல இங்கியே இருப்பேன்" என்றார்.

7.40க்கு திருவள்ளூர் பஸ், ஒரு ரூபாய் பத்து காசு. 8.50க்கு இறங்கி, பெருமாள் கோயில் பக்கம் நாஷ்டா. ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. அண்ணனை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் சீட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

"மாணிக்கம்!" என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன். எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால், டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள். சின்ன வயது டாக்டர். முன்னால் ஒரு தாள் இருந்தது.

"உக்காருங்க மாணிக்கம். பயப்படாதீங்க, குணமாகிற வியாதிதான். உங்க சளியில காசநோய்க் கிருமி இருக்கு. நிறைய இருக்கு."

எனக்கா என்றுதான் முதலில் வெலவெலத்துப் போனேன். நான் துப்பவே இல்லையே என்று உடனே ஞாபகம் வந்தது. அப்படியானால் அண்ணனுக்கு என்று நினைத்தேன். அண்ணனும் துப்பவில்லை. அதற்குமேல் என் மூளை ஓடவில்லை.

"சாயங்காலம் ஜுரம் வருதா? சாப்பாடு இறங்குதா?"

"இறங்கலீங்க. அவங்களுக்குச் சோறே இறங்கல" என்றேன்.

"யாருக்கு?"

அவர் பேனா நின்றுவிட்டது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான் மாணிக்கம் இல்லீங்க சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். டப்பா, அண்ணி, வாட்சுமேன் வேலை, கல்கத்தா. திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று நடுங்கினேன். அவர் திட்டவில்லை. "அறுபத்து நாலுலேருந்தா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மருந்து அப்போதே இருந்தது என்றார். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தை அவர் விரலில் எண்ணிப் பார்த்தது எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது.

அண்ணனை உள்ளே கூப்பிட்டோம். என்னைப் பார்த்ததும், "இன்னா பண்டாரி, காட்டிக் குடுத்துட்டியா?" என்றார். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இல்ல சார். அது நாளெல்லாம் நடவு நடுது. அதுக்கு ஒன்னியும் இல்ல. டப்பா மாறிப்போயிருக்கும். வேற யாருதோ சளிய எங்க பேர்ல எழுதிட்டிருப்பீங்க."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவராகவே நடந்துபோய்த் தகட்டின் முன்னால் நின்றார். படம் வந்தது. இடது பக்கம் பாதிக்குமேல் வெள்ளை. இருவரையும் சேர்த்து மறுநாள் கூட்டி வரச் சொன்னார் டாக்டர். ஒன்றரை வருஷ வைத்தியம், முதலில் தினம் ஊசி, பிறகு மாத்திரை. மருந்து இலவசம்.

1.20 பஸ்ஸில் திரும்பினோம். 2.30க்கு பெரியபாளையத்தில் இறங்கும்போது அண்ணி பஸ் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், ஈரப் புடவை, கையில் பிரசாதம். "ஆச்சா? சீட்டு குடுத்தாங்களா?" என்று எழுந்து வந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்று தலையாட்டினேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன். அவரே சொன்னார். பாதியில் இருமல் வந்து நின்று, மறுபடி சொன்னார்.

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் முகத்தில் இருந்தது வியப்பு. இப்படியும் ஒருத்தன் செய்வானா என்கிற மாதிரி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா ஜொரம் வருதுன்னு சொல்லிக்கினே கீறேன். ஒரு நாளு இட்டுக்கினு போனியாய்யா என்ன? என் சளிய மட்டும் டப்பால வச்சி, பஸ்ஸு டிக்கெட்டு வாங்கி, அவ்ளோ தூரம் எடுத்துக்கினு போயிக்கிறியே."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி பிரசாதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அங்கே நின்ற கண்டக்டரிடம், "திருவள்ளூருக்கு அடுத்த பஸ்ஸு எப்போபா?" என்று கேட்டார். 3.10 என்றார். "நாளைக்குத்தான் அண்ணி வரச் சொன்னாங்க" என்றேன். "போயி குந்திக்கினு இருக்கேன்" என்றார். மூவருமே போனோம். பெருமாள் கோயில் பக்கத்துச் சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலை வரிசையில் முதல் ஆள் அண்ணி.

பதினெட்டு மாதம் ஒரு வேளை விடாமல் மருந்து சாப்பிட்டு அண்ணி தேறினார். அண்ணன் அடுத்த ஆடியைப் பார்க்கவில்லை. ஊசி போட்ட இடத்தை என்னிடம் காட்டி, "இத அப்பவே போட்டுக்கினு இருக்கலாம் இல்ல பண்டாரி" என்று ஒரு முறை கேட்டார். நான் வாங்கிக்கொண்ட சிகரெட் பாக்கெட்டை அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அண்ணனின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கும்மிடிப்பூண்டிக்கு இப்போது மின்சார ரயில் வந்துவிட்டது, வெள்ளைச் சட்டையே போடலாம். ஜட்கா கிடையாது, ஆட்டோதான். ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போவதென்றால் ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களில் காலை ஆறு மணிக்குள் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஒன்பதரைக்குள் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் யாராவது சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டால், மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல், அந்த ஆளையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.