ஒரு தும்மலும் ஒரு செம்புத் தண்ணீரும்

செவ்வாய்க்கிழமை, காலை 5.40 மணி.

கட்டைப்பையில் இரண்டு கைலி, ஒரு துண்டு, ஒரு டம்ளர், பெரிய உறையில் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு 5.55க்கு வரும் அரசுப் பேருந்தைப் பிடித்தால் 6.45க்குத் திண்டுக்கல். தூரம் பதினேழு கிலோமீட்டர். ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு, முதல் ஆளாக, எனக்கு மூக்கில் ஆபரேஷன்.

வேணி, பாண்டி, நீங்கள் இருவரும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு நடந்ததைப் பெரியப்பா உங்களிடம் ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார். எட்டாவது வரை படித்தவன் நான், எனக்குத் தெரிந்த மட்டில் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு யார் சொல்வது நியாயம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதற்கு முன்பே மூன்று முறை திண்டுக்கல் போய்வந்தாகிவிட்டது. முதல் முறை டாக்டர் என் மூக்குக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, உள்ளே இருப்பதை டிவியில் காட்டினார். பலாச்சுளை மாதிரி வெளுப்பாக ஏதோ தொங்கியது. "நெத்திக்கும் கன்னத்துக்கும் பின்னால காத்து ரூம்பு இருக்குங்க. அதோட வாசல்ல சதை வளந்து அடைச்சிருக்கு. வாசலைத் திறந்துவிடணும். வெளிய ஒரு கீறல் விழாது" என்றார். இரண்டாம் முறை ஸ்கேன். மூன்றாம் முறை ரத்தம், இதயப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் சம்மதம். ஒரு வாரத்துக்கு மாத்திரை. நர்ஸ் கடைசியாகச் சொன்னது: "முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பாடு கிடையாது. காலையில நாலு மணிக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி கூடாது."

ஆறு வருடமாக எனக்கு மூக்கடைப்பு. கத்தரிக்குக் களை எடுக்கக் குனிந்தால் நெற்றியில் யாரோ கல்லை ஏற்றியது போல இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது காலைத் தும்மல். தும்மலால் எனக்கு வந்த நோவைவிட, நம் ஆட்களால் வந்த நோவு அதிகம். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் காரியம் கெடும் என்பது நம் ஊர்க் கணக்கு. அதனால் பெண் பார்க்கப் போகிறவர்கள், வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள், நான் எங்கே இருக்கிறேன், தூரத்தில்தானே இருக்கிறேன் என்று. போர் போட லாரி வந்த அன்று பெரியப்பா என்னைத் தோட்டத்தின் கடைக்கோடிக்கு அனுப்பினார். எழுநூறு அடியிலும் தண்ணீர் இல்லை. "அங்க நின்னு தும்மியிருப்பான்" என்றார்கள். பாறைக்கு என் தும்மல் கேட்டதாம்!

நானும் கற்றுக்கொண்டேன். யார் கிளம்பினாலும் வீட்டுக்குப் பின்னால் போய் மூக்கை இறுக்கிப் பிடித்து, வாயையும் மூடி, தும்மலை உள்ளேயே அமுக்குவேன். காது ரெண்டும் அடைக்கும். 

போன தை மாதம், வேணி, பெரியப்பா சந்தைக்குக் கிளம்பும்போது நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உனக்கும் காலைத் தும்மல் ஆரம்பித்திருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கண்ணில் நீர் வர அடக்கினாய். பத்து வயதுப் பிள்ளை. யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. என்னைப் பார்த்து நீயாகக் கற்றுக்கொண்டது அது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

இனி அந்த 5.40 மணிக்கு வருகிறேன். வாசலில் கால் வைத்தேன். ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று.

பக்கத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியப்பா வாயில் நுரையோடு ஓடி வந்தார். "ஏலே, நில்லு. ஒத்தத் தும்மல்."

"அண்ணே, பஸ் வந்துரும்."

"பஸ்சு எங்க போவுது? உசுரு சம்பந்தப்பட்ட காரியத்துக்குப் போற. உக்காரு. தண்ணியக் குடிச்சுட்டு, செத்த நேரம் கழிச்சு எந்திரி."

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்குண்ணே."

"சோறு திங்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாக. தண்ணி என்னடா செய்யும்? வயித்துல நிக்கவா போவுது?"

செம்பு நிறையத் தண்ணீர் வந்தது. அண்ணன் பேச்சைத் தட்ட முடியாமல் குடித்தேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். எனக்கும் பயம். கத்தி வைக்கிற இடத்துக்குப் போகிறோம், எதற்கு வம்பு என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். பின்வாசலைப் பூட்டிவிட்டு உங்கள் அம்மா வந்தபோது செம்பு காலியாக இருந்தது. அவள் செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 5.55 பேருந்து போய்விட்டது. அடுத்தது 6.20க்கு. எனக்குப் பதினேழு ரூபாய், அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"குடிச்சீகளா?"

"ஒரு வாய்."

"உங்க வாய் செம்பு அகலமா?"

மருத்துவமனையில் மணி 7.25. பச்சை உடுப்பை மாட்டிவிட்டார்கள். மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுதான்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"ராத்திரி ஒம்பது மணிக்கு. ரெண்டு இட்லி."

"தண்ணி?"

உங்கள் அம்மா சுவரைப் பார்த்தாள். குடிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

"குடிச்சேன் டாக்டர். ஆறு மணிக்கு. ஒரு செம்பு."

"ஏங்க? அவ்வளவு சொல்லி அனுப்பினோமே?"

"தும்மிட்டேன்."

"தும்முனா தண்ணி குடிக்கணுமா?"

"கிளம்புறப்பத் தும்மிட்டேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மயக்கம் குடுத்ததும் வயித்துல இருக்குறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரலாம். அப்புறம் ஆளைக் காப்பாத்துறது பெரும்பாடு. உண்மையச் சொன்னீங்களே, நல்ல வேளை. ஆனா இன்னைக்கு முடியாது."

ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் மதுரையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் வருகிறவர். எனக்குப் பின்னால் காத்திருந்த நான்கு பேரை முடிக்கவே அவருக்கு மதியமாகிவிடும். ஆக, வெள்ளிக்கிழமை. பச்சை உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் ஆறு இட்லி தின்றேன். கோபத்தில் சாம்பாரா சட்னியா, என்ன வெஞ்சனம் ஊற்றினார்கள் என்றுகூடத் தெரியவில்லை. கெட்டது வந்துவிடக் கூடாது என்று குடித்த தண்ணீர்தான் என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்திருக்கிறது. தும்மல் என்னை ஒன்றும் செய்யவில்லை. தும்மலுக்குச் செய்த வைத்தியம்தான் செய்தது.

அதைக்கூட விடுங்கள். காலை 10.30க்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினால், பெரியப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல? ஒத்தத் தும்மல், காரியம் தடங்கலாப் போச்சு பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த எழுத்தில் எழுதுவது? வாயில் தண்ணீரை ஊற்றியவரே, தண்ணீரால் நின்றுபோன காரியத்துக்குத் தும்மலைச் சாட்சி சொல்கிறார்! சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. "அவன் தும்மல் அவனையே விடலியே" என்று ஒரு ஆள் சிரித்துக்கொண்டே போனார். சொந்த மூக்கால் சொந்தக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவன் என்று பேர் வாங்கினேன்.

வியாழக்கிழமை, மாலை 4 மணி. முந்தின நாளே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் அதே கட்டைப்பை. வாசல் தாண்டுகிறேன், வந்ததே தும்மல்! பெரியப்பா எழுந்தார். அவர் வாய் திறக்குமுன் உங்கள் அம்மா திரும்பினாள். "மாமா, அவுகளுக்கு மூக்குல நோவு. நோவுக்குத் தும்முறாக. உங்க சகுனத்துக்குத் தும்மல."

அவள் பெரியப்பாவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. பெரியப்பா உள்ளே போய் அவரே ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து, உட்கார்ந்து, மடக் மடக்கென்று குடித்தார். "அவன் குடிக்கப்படாதுல்ல. அவனுக்காக நான் குடிக்கிறேன். போயிட்டு வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்த மனுசனுக்கு என்மேல் பாசம் இல்லை என்று எழுத மாட்டேன். பாசம் இருக்கிறது. அந்தப் பாசத்தால்தான் நான் செத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை 8.10க்கு உள்ளே கொண்டுபோனார்கள். அறை அவ்வளவு குளிர். டாக்டரம்மா, "தண்ணி?" என்றார். "எங்க அண்ணன்தான் குடிச்சாரு" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்துவிட்டார். கண்ணை மூடியதுதான் தெரியும். விழித்தபோது மணி பதினொன்று. மூக்குத் துளை இரண்டிலும் பஞ்சு அடைத்து, கீழே ஒரு துணியும் கட்டியிருந்தார்கள். வாயால் மட்டும் மூச்சு. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கினால் காது அடைத்தது. வலி என்று பெரிதாக இல்லை. இரண்டு நாள் பெரிய தடுமன் பிடித்து, யாரோ முகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல.

அந்த அறையில் ஐந்து கட்டில். மூன்று பேர் மூக்குக்காரர்கள். பக்கத்துக் கட்டிலில் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருப்பவர். வாசனையே தெரியாமல் போய், பால் தீய்ந்தாலும் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியுமாம். சனிக்கிழமை காலையில் அவருக்குத் தும்மல் வந்தது. பின்னாலேயே எனக்கு. பழக்கத்தில் என் கை மூக்குக்குப் போனது. நர்ஸ் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார்.

"பொத்தாதீங்க! ரத்தம் பீச்சிரும். அடக்கவே கூடாது. வாயை நல்லாத் திறந்து, சத்தமாத் தும்முங்க."

வாயைத் திறந்து தும்மினேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறையை விட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர், பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நடந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சை எடுத்தார்கள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மூளையும் சேர்ந்து வருகிறதோ என்று பயந்துவிட்டேன். பிறகு ஒரு மூச்சு இழுத்தேன் பாருங்கள், நெற்றி வரை காற்று போனது. டாக்டர் சொன்னார்: "மூச்சு நல்லாயிரும். தலைபாரம் போயிரும். தும்மல் ஒவ்வாமையால வர்றது. குறையும். அடியோட நிக்கும்னு சொல்ல மாட்டேன்."

பேருந்தில் வேண்டாம், தூசி என்றதால் ஆட்டோ. ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சம்பந்தி வீட்டுல சண்டையா?" என்றார். நாகல் நகர் பக்கம் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி அந்த இடத்தில் நின்று மறுபடி கிளம்பும்போது ஒரு தும்மல் வந்தது. வாயைத் திறந்து தும்மினேன். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார்!

"என்னப்பா?"

"கிளம்புறப்பத் தும்முனா ரெண்டு நிமிசம் நிப்பாட்டிருவேண்ணே. எங்கப்பா காலத்துலருந்து பழக்கம்."

"நீ நிப்பாட்டுனா இன்னும் நாலு தும்மல் வரும். தூசிக்குள்ளதான நிக்கிறோம். வண்டிய எடு" என்றாள் உங்கள் அம்மா. எடுத்தார்.

வீட்டில் விதிகள்: குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் பொடி கலந்து தினமும் மூக்கைக் கழுவ வேண்டும். வேணி, அந்தத் தாளை நீதான் எனக்குத் தினமும் சத்தமாகப் படித்துக் காட்டினாய். 'தும்மலை அடக்கக் கூடாது' என்ற வரியை இரண்டு முறை படித்தாய். ஏன் என்று கேட்டாய். சொன்னேன்.

புதன்கிழமை காலை 7 மணி. பெரியப்பா வீட்டு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஒட்டன்சத்திரம் போகிறார்கள். வேன் வந்துவிட்டது. பழத்தட்டு, பூ, எல்லாம் ஏறிவிட்டது. ஆறு மணிக்கே உங்கள் பெரியம்மா வந்து, "கொழுந்தனாரே, தப்பா நினைக்காதீக. செத்த நேரம் உள்ளயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் உள்ளேதான் இருந்தேன். எனக்குத் தும்மல் வரவும் இல்லை.

வெளியே ஒரு தும்மல் கேட்டது. தண்ணீர்க் குழாய் அருகில், வேணி, நீ.

பேச்சு மொத்தமும் நின்றது. வேன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே வந்தேன். பெரியப்பா ஒரு காலை வேன் படியில் வைத்தபடி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கிற அதே பார்வை. நீ பயந்துபோய்தான் நின்றாய். ஆனால் உன் கைகள் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மூக்குக்குப் போகவில்லை.

எனக்கு எத்தனையோ பேச வேண்டியிருந்தது. போர் லாரி, செம்பு, பச்சை உடுப்பு எல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் வாயில் வந்தது ஒரே சொல்தான். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தும்மினால் ஆயுசு பெருகட்டும் என்று பெரியவர்கள் சொல்வோமே, அது. நீ தொட்டிலில் தும்மியபோது இதே பெரியப்பா ஓடி வந்து சொன்னதுதான். அதே பிள்ளை, அதே மூக்கு. எந்த வயதில் அது மாறுகிறது? யார் மாற்றினார்கள்?

"நூறு!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. கத்தியதில் நெற்றி தெறித்தது. மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. துடைத்துக்கொண்டேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். வேன் படியில் உட்கார்ந்து, "தண்ணி கொண்டா" என்று பெரியம்மாவிடம் கை நீட்டினார். உட்காரட்டும், குடிக்கட்டும். அது அவர் வயிறு.

நீ மறுபடியும் தும்மினாய், வாயை நன்றாகத் திறந்து.

"இருநூறு" என்றேன்.